நன்றாகப் படிப்பவர்களும் ஏன் பதறுகிறார்கள்?

தேர்வு நெருங்கும்போது ஒரு மாணவர் பதறினால், "ஒழுங்காகப் படித்திருந்தால் ஏன் பயம் வரப்போகிறது?" என்ற கேள்விதான் முதலில் வந்து விழும். கேட்பதற்கு நியாயமாகவே தெரியும். ஆனால் பல்கலைக்கழக மாணவர்களைக் கொஞ்ச காலம் கவனித்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். பாடத்தை எடுத்தே பார்க்காதவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டு முறை திருப்பிப் பார்த்தவர் விடிய விடியக் கண்விழித்துக் கிடப்பார். முதல் ஆண்டில் நடுங்கிய ஒருவர், அதைவிடக் கடினமான மூன்றாம் ஆண்டுப் பாடங்களுக்கு நடுவே அமைதியாக இருப்பதும் உண்டு. படிக்கவில்லை, பாடம் கடினம் என்ற இரண்டு காரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது.

கல்வி உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ரன் 2006இல் விரிவாக எழுதிய ஒரு கோட்பாடு இதற்கு நல்ல பிடி தருகிறது. படிப்போடு சேர்ந்து வரும் உணர்ச்சிகள் இரண்டு கேள்விகளைப் பொறுத்தவை என்கிறார் அவர். இந்த முடிவு எனக்கு எவ்வளவு முக்கியம்? அந்த முடிவு எவ்வளவு தூரம் என் கையில் இருக்கிறது? முக்கியமே இல்லையென்றால் பதற்றம் வராது, சலிப்பு வரலாம். முக்கியம்தான், என் கையில்தான் இருக்கிறது என்ற தெளிவு இருந்தால் ஆர்வம் வரும். முக்கியம், ஆனால் எப்படிப் போகும் என்று சொல்ல முடியவில்லை என்ற நிலையில்தான் பதற்றம் பிடிக்கிறது. என் கையில் எதுவுமே இல்லை, தோல்வி நிச்சயம் என்று ஆகிவிட்டால் அது பதற்றத்தையும் தாண்டி நம்பிக்கையின்மைக்குப் போய்விடும்.

மாணவர்களின் பதற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் வந்துவிடுகின்றன என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழகப் படிப்பு முதல் கேள்வியின் எடையை ஏற்றுகிறது. அதே சமயம் இரண்டாவது கேள்விக்கான விடையை மங்கலாக்கியும் விடுகிறது. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், பதற்றம் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

தேர்வுப் பதற்றத்தை அளந்து ஆராயும் வேலை 1952இல் ஜார்ஜ் மேண்ட்லர், சீமோர் சாரசன் இருவரும் வெளியிட்ட ஆய்வோடு சூடுபிடித்தது. 1967இல் ராபர்ட் லீபர்ட்டும் லாரி மோரிஸும் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று உடம்பில் தெரிவது: இதயத் துடிப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது. இன்னொன்று மனதில் ஓடும் கவலை: தோற்றுவிடுவேனோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், அடுத்து என்ன ஆகும். மதிப்பெண்ணைக் கீழே இழுப்பதில் உடம்பின் படபடப்பைவிட மனதின் கவலைக்குத்தான் பெரிய பங்கு என்று அவர்கள் கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. கை நடுங்குகிறதே என்று பயப்படும் மாணவருக்கு இது ஓர் ஆறுதலான செய்தி. நடுங்கும் கையோடு நன்றாக எழுத முடியும். மனம் வேறெங்கோ போய்விட்டால்தான் எழுத முடியாது.

கவலை ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? ஒரு கணக்கைப் போடும்போது முந்தைய படியின் விடையை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்த படிக்குப் போகிறோம். அப்படிப் பிடித்துவைக்கும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். அதன் கொள்ளளவு ரொம்பச் சிறியது. 'இதில் போனால் என்ன செய்வேன்' என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. 2001இல் மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் கணக்கு என்றாலே பதறும் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். மனதில் வேறொன்றையும் நினைவு வைத்துக்கொண்டு, பக்கத்து இலக்கத்துக்கு ஏற்றிக் கூட்ட வேண்டிய கணக்குகளைப் போடும்போதுதான் அவர்கள் அதிகம் தடுமாறினார்கள். நினைவில் சுமக்க எதுவும் இல்லாத எளிய கணக்குகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும் விடை பளிச்சென்று நினைவுக்கு வருவது பலருக்கும் நடந்திருக்கும். விடை உள்ளே இருந்தது. அதை எடுத்து வேலை செய்யத்தான் இடம் இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தான் நன்றாக எழுத வரும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 1908இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் செய்த ஆய்வைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது சுண்டெலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து, எது வெள்ளைப் பெட்டி, எது கறுப்புப் பெட்டி என்று பிரித்தறியப் பழக்கிய சோதனை. வேலை கடினமாக இருந்தபோது நடுத்தரமான அதிர்ச்சி நல்ல பலன் தந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. மாணவர்களின் கவலையைப் பற்றி அவர்கள் எதுவும் சோதிக்கவில்லை. ஓரளவு விழிப்பும் முனைப்பும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி, நாள்கணக்கில் தூக்கம் இழந்து தவிக்கும் ஒருவரை "இது நல்லதுக்குத்தான்" என்று சமாதானப்படுத்துவது சரியில்லை.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பள்ளியில் ஒரு மாணவர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கு அடிக்கடி தெரிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு சின்னத் தேர்வு, வீட்டுப்பாடத்தில் ஆசிரியரின் குறிப்பு, வகுப்பில் கேட்ட கேள்விக்கு உடனே ஒரு பதில். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை அரங்கில் ஒருவர் புரிந்துகொண்டாரா என்று கேட்க ஆளில்லை. ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததற்கு ஒன்றிரண்டு பெரிய மதிப்பீடுகள்தான் இருக்கும். முதல் மதிப்பெண் கைக்கு வரும்போது பாதிப் பருவம் முடிந்திருக்கும். அதுவரை அவர் சரியான பாதையில் போகிறாரா என்பதற்கு அவரிடம் எந்த அடையாளமும் இல்லை. இருட்டில் படியிறங்குபவர் அடுத்த படி எங்கே என்று காலால் துழாவுவதைப் போலத்தான் அந்த மாதங்கள் போகின்றன. இந்த நிலையில் வரும் பதற்றத்தை மனபலவீனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தகவல் இல்லாத இடத்தில் எந்த மனதும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதைவிடச் சிக்கலானது, எழுதப்படாத விதிகள். 'விமர்சனபூர்வமாக ஆராய்க' என்று கேள்வித்தாளில் இருக்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும்போது 'ஆழம் போதாது' என்று ஒரு வரி வரும். ஆழம் என்றால் கூடுதல் மேற்கோளா, சொந்தக் கருத்தா, எதிர்வாதமா? பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாமா, எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? சந்திப்பு நேரம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பது உண்மையிலேயே நமக்காகத்தானா? வீட்டில் ஏற்கெனவே யாராவது பல்கலைக்கழகம் போயிருந்தால் இந்த விவரங்கள் பேச்சுவாக்கில் காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதன்முதலாக அந்த வாசலை மிதிப்பவருக்கு அப்படி எதுவும் கிடைத்திருக்காது. அவர் தனக்குத் தெரியவில்லை என்பதையே தன் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்கிறார். திறமையில் கொஞ்சமும் வித்தியாசம் இல்லாத இரண்டு பேரில் ஒருவர் மட்டும் கூடுதலாகப் பதறுவதற்கு இதுவே பல நேரங்களில் காரணம். இதைப் பற்றி வளாகங்களில் பேசப்படுவது மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

பிறர் முன்னால் எடைபோடப்படுவதன் கனம் தனி. 2004இல் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 208 ஆய்வகச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எந்த மாதிரியான சூழலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் அதிகம் சுரக்கிறது என்பதுதான் கேள்வி. வெறுமனே கடினமான வேலை கொடுத்தால் மட்டும் அது பெரிதாக ஏறிவிடவில்லை. முடிவு தன் கட்டுப்பாட்டில் இல்லை, மற்றவர்கள் தன்னை மதிப்பிடுகிறார்கள் என்ற இரண்டும் கூடியபோதுதான் அதிகம் ஏறியது. பழைய நிலைக்கு இறங்கவும் அதிக நேரம் பிடித்தது. வாய்மொழித் தேர்வும் வகுப்பின் முன்னால் நின்று பேசுவதும் சில மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வைவிடக் கொடுமையாக இருப்பதன் காரணம் இதில் தெரிகிறது. அதிலும் படிப்பு தாய்மொழியில் இல்லாதபோது, என்ன சொல்கிறோம் என்பதோடு எப்படிச் சொல்கிறோம் என்பதும் தேர்வாகிவிடுகிறது. அந்நிய மொழி வகுப்பில் வரும் பதற்றத்துக்கு எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986இலேயே தனியாக ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். மொழி வகுப்புக்கு வெளியே, எல்லாப் பாடத்தையும் இன்னொரு மொழியில் படிப்பவர்களுக்கும் அந்தத் தயக்கம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது ஒப்பீடு. பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள் பலர் ஒரே வகுப்பில் வந்து சேரும்போது, அவர்களில் பெரும்பாலானோர் நடுவிலோ கீழேயோதான் நிற்க முடியும். இது வெறும் எண்ணிக்கைக் கணக்கு. யாருடைய அறிவும் குறைந்துவிடவில்லை. ஆனால் மனம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில், திறமைசாலிகள் நிறைந்த இடத்தில் படிப்பவருக்குத் தன் திறமையைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பு குறைவாக இருக்கும் என்பதை ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 26 நாடுகளின் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. நுழைவதற்குப் பெரும் போட்டி உள்ள நிறுவனங்களில், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொறாமைப்படும் மாணவர்கள் உள்ளுக்குள் தவிப்பது இதனால்தான். 'நான் இங்கே தவறிப்போய் வந்துவிட்டேன், என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள்' என்ற எண்ணத்தை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 1978இல் முதலில் விவரித்தபோது, அவர்கள் பார்த்ததெல்லாம் நன்றாகச் சாதித்த பெண்களைத்தான். பின்னால் அது ஆண்களிடமும் இருக்கிறது என்று தெரியவந்தது. இந்த எண்ணம் பிடித்தவருக்கு நல்ல மதிப்பெண் வந்தாலும் நிம்மதி வராது. அதிர்ஷ்டம் என்றோ, அளவுக்கு மீறி உழைத்ததால் தப்பித்தோம் என்றோ எடுத்துக்கொள்வார். அடுத்த தேர்வு மறுபடி அதே பயத்தோடுதான் தொடங்கும்.

மற்றவர்களின் தயாரிப்பு நமக்குத் தெரிவது, அவர்கள் காட்ட விரும்பும் அளவுக்குத்தான். சமூக ஊடகத்தில் வேலை கிடைத்த செய்தி வரும், தேறாத பாடம் வராது. இதை எல்லோரும் அறிவார்கள், அறிந்தும் மனம் ஒப்பிடுவதை நிறுத்துவதில்லை.

இதுவரை சொன்னவை சூழலின் பங்கு. மாணவரின் படிக்கும் முறையிலும் ஒரு பெரிய காரணம் இருக்கிறது. அதைச் சொல்வது அவரைக் குறைகூறுவதற்காக இல்லை. பதற்றத்தைக் குறைக்க அவர் கையில் உள்ள முக்கியமான வழி அதில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்றே பழகியிருக்கிறார்கள். மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய், எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழு நினைவுகூர்ந்தது சுமார் 40 சதவீதம், இரண்டாவது குழு 61 சதவீதம். ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது முதல் குழுதான்.

இந்த முடிவைப் பதற்றத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வாசித்து வாசித்துத் தெரிந்ததாக நினைத்த மாணவர், தேர்வு அறையில் முதல் கேள்வியைப் பார்க்கும்போதுதான் தனக்கு அது வரவில்லை என்பதை முதன்முறையாக அறிகிறார். அந்தக் கணத்தின் அதிர்ச்சி சாதாரணமானது இல்லை. அது இரண்டு மூன்று முறை நடந்துவிட்டால், 'எவ்வளவு படித்தாலும் எனக்கு மறந்துபோகிறது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பிக்கும். அப்புறம் இன்னும் அதிக நேரம் வாசிப்பார், இன்னும் அதிகம் பதறுவார். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்கும் பழக்கம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உதவுவதில்லை. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்ற உண்மையான கணக்கை அது தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுகிறது.

தள்ளிப்போடுவதும் இதே வட்டத்தில்தான் வருகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள், தள்ளிப்போட்டதும் கிடைக்கும் தற்காலிக நிம்மதியைக் கணக்கில் எடுப்பதில்லை. பயமுறுத்தும் வேலையைப் பார்க்காமல் இருந்தால் பயம் குறைகிறது. அந்த நிம்மதியே பழக்கத்தை வளர்க்கிறது. டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளிப்போடும் மாணவர்கள் செமஸ்டரின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் உடல்நலத்தோடும் இருந்தார்கள். கடைசி வாரங்களில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. முழுப் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கு உடல் உபாதைகளும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. கடைசி நேரத்தில் வெட்டுப்படுவது முதலில் தூக்கம். தூக்கம் குறைந்தால் படித்தது மனதில் பதிவதும் குறைகிறது, கவலை மட்டும் கூடுகிறது.

வீட்டிலிருந்தும் வெளியிலிருந்தும் வரும் எடையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கல்விக்கடன், உதவித்தொகைக்கான மதிப்பெண் நிபந்தனை, பகுதிநேர வேலை, தன் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே ஒரு தேர்வின் மதிப்பு பல மடங்காகிவிடும். ஒரு பாடத்தில் தவறினால் போவது அந்தப் பாடம் மட்டும் இல்லை என்று தெரிந்தவர் பதறத்தான் செய்வார். எதிர்பார்ப்புகளின் சுமை காலப்போக்கில் கூடிவந்திருக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 41,641 கல்லூரி மாணவர்களிடம், எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற எண்ணத்தின் பல வகைகளை அளந்த அளவீடுகளை தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் சேர்த்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் தன்னிடம் குறையற்ற நிலையை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வுதான் மற்ற வகைகளைவிட அதிகமாக, 33 சதவீதம் ஏறியிருந்தது. அந்த எதிர்பார்ப்பு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம். மாணவர் அதை எவ்வளவாக உணர்கிறார் என்பதைப் பொறுத்தே அவருக்கு இரவில் தூக்கம் வருகிறது.

ஆராய்ச்சி மாணவர்களின் நிலை இன்னும் கடினம். அங்கே பாடத்திட்டமும் இல்லை, தேர்வுத் தேதியும் இல்லை. எப்போது போதும் என்பதை ஒரே ஒரு நெறியாளர்தான் சொல்ல வேண்டும். 2018இல் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 41 சதவீதத்தினரின் பதற்ற அளவு மிதமானது முதல் கடுமையானது வரை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். விரும்பி முன்வந்து பதில் தந்தவர்களின் கணக்கு என்பதால் எல்லா ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது. இருந்தாலும், நெறியாளரோடு நல்ல உறவு இல்லை என்று சொன்னவர்களிடம் பதற்றம் அதிகம் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

எல்லாப் பதற்றத்தையும் படிப்பின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வாழ்நாளில் வரும் மனநலப் பிரச்சினைகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று ரொனால்ட் கெஸ்லர் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. பல்கலைக்கழகப் பருவம் சரியாக அந்த வயதில்தான் வருகிறது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் 13,984 முதலாண்டு மாணவர்களிடம் கேட்டது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமானவர்களிடம், வாழ்க்கையில் ஒருமுறையாவது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்ததற்கான அறிகுறி தெரிந்தது. தேர்வு முடிந்த பிறகும் பதற்றம் இறங்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுக்கிடக்கிறது, வகுப்புக்குள் நுழையவே முடியவில்லை, உயிரோடு இருப்பது பற்றியே இருண்ட எண்ணங்கள் வருகின்றன என்றால் அது படிக்கும் முறையை மாற்றித் தீரும் பிரச்சினை இல்லை. மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ உடனே பார்க்க வேண்டும். தேர்வுப் பதற்றத்துக்கு நடத்தை, சிந்தனைச் சிகிச்சைகள் பலன் தருகின்றன என்பதை 562 ஆய்வுகளைத் தொகுத்து ரே ஹெம்ப்ரீ 1988இலேயே காட்டிவிட்டார்.

குறுக்குவழிகளைப் பற்றி எச்சரிக்கையாக இருப்பது நல்லது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை எழுதிவிட்டால் மதிப்பெண் ஏறும் என்ற ஆய்வு 2011இல் பெரிய அளவில் பேசப்பட்டது. 2018இல் கூடுதல் ஆட்களை வைத்து அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதுவது சிலருக்கு இதமாக இருக்கலாம், தடையில்லை. ஆனால் பல மாதங்கள் இருட்டில் விடப்பட்ட ஒரு மாணவரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு துறை நினைத்தால், அது தன் பொறுப்பிலிருந்து நழுவுகிறது. மதிப்பெண் வழங்கும் அளவுகோலை முதல் வாரமே தருவது, நல்ல விடைக்கும் சுமாரான விடைக்கும் ஒரு மாதிரி காட்டுவது, பெரிய தேர்வுக்கு முன் எடை குறைந்த சின்ன மதிப்பீடுகள் வைத்து விரைவாகத் திருத்திக் கொடுப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. திருத்துபவரின் நேரம் மட்டும் கொஞ்சம் தேவை.

கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே நாம் பொருந்தவில்லையோ என்ற சந்தேகம் முதலாண்டில் பலருக்கும் வரும், போகப்போகக் குறையும் என்று மூத்த மாணவர்கள் எழுதியதைப் புதிய மாணவர்கள் சுமார் ஒரு மணி நேரம் படித்து யோசித்தால் என்ன ஆகும் என்று பார்த்தது. அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. ஆனால் அது நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்தது. 2023இல் 22 நிறுவனங்களில் 26,911 மாணவர்களோடு மறுபடி சோதித்தபோது பலன் சிறியதாகவே இருந்தது. அந்தச் சிறிய பலனும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. ஒரு மாணவரின் குழுவைச் சேர்ந்தவர்கள் 'நாங்களும் இங்கே பொருந்துகிறோம்' என்று உணர உண்மையிலேயே வாய்ப்பு இருந்த நிறுவனங்களில்தான் அது கிடைத்தது.